பலகாரப் பெட்டிக்கு அடியில்

ஒரு மனிதனின் மனசாட்சிக்கு இரண்டாயிரம் திர்ஹம். படித்த ஆளாக இருந்தால் கூடவே ஒரு பெட்டிப் பலகாரம். ஸி மஃபத்தலிடம் இருந்த விலைப்பட்டியல் இதுதான். யாரும் அவருக்கு எழுதிக் கொடுத்ததல்ல. டாஞ்சியர் துறைமுக ஊரின் ஜவுளிக்கடைத் தெருவில் அப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவருக்கு, எதைப் பார்த்தாலும் கண்ணுக்கு முன்னால் நாக்கு விலையைச் சொல்லிவிடும். மீட்டர் பார்க்க வந்தவர், எடைக்கல் சோதிக்க வந்தவர், சும்மா வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காபிக்காசு உண்டு. காபி யாரும் குடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கு ஒரு தையல் பட்டறை இருந்தது. மேலே ஒரு தளம், கீழே ஒரு நிலவறை, முப்பத்தெட்டுப் பெண்கள். ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆலை ஸ்பெயின்காரர்களிடம் ஆர்டர் பிடிக்கும். பிடித்ததில் பாதியைத் தானே தைக்கும். மீதியை வேனில் ஏற்றி மஃபத்தலைப் போன்றவர்களின் தெருவுக்கு அனுப்பும். ஸ்பெயின் கடையில் அந்தச் சட்டையை வாங்குகிற பெண்ணுக்கு இப்படியொரு தெரு இருப்பதே தெரியாது. தெருவுக்கும் அவளைத் தெரியாது. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாகச் சொல்ல முடியாது, பேசாத வரைக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை ஆலையிலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். தெருவில் பதினொரு பட்டறைகள், தீயணைப்பு உருளைகளோ ஆறுதான். அந்த ஆறும் காய்கறி வண்டியில், மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு, ஆய்வுக்காரருக்கு ஒரு பட்டறை முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். "இந்த உருளைய எங்கயோ பாத்த மாதிரி இருக்கே," என்று ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார். "செவப்பா இருக்கறதெல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், ஸி," என்றார் மஃபத்தல், ஊர் வழக்கப்படி ஐயாவுக்குப் பதில் ஸி போட்டு. நிலவறையில் தைக்கும் பெண்களின் பெயர் எந்தப் பதிவிலும் கிடையாது. அதனால் ஆய்வு நாளில் அவர்களைத் தெருமுனைக் குளியல்கூடத்துக்குத் தன் செலவில் அனுப்பிவிடுவார். வெந்நீர், ஆலிவ் சோப்பு, முதுகு தேய்த்துவிட ஆள் எல்லாம் உண்டு. அடுத்த ஆய்வு எப்போது என்று அந்தப் பெண்கள் ஆசையாகக் கேட்பார்கள்.

பிறகு ஐரோப்பாவில் ஒரு சட்டம் வந்தது என்றார்கள். சட்டை விற்கிறவன், அதன் பொத்தானை எந்த ஊரில் எந்தப் பெண் எந்த வெளிச்சத்தில் தைத்தாள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டுமாம். ஆலையின் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வெளியாளுங்களே நேர்ல வந்து பாப்பாங்க, ஸி மஃபத்தல். பாஸானா உங்க பேரு பட்டியல்ல ஏறிரும், மூணு வருசத்துக்கு ஆர்டர் உறுதி. பாஸாகலேன்னா உங்களுக்கு ஒரு பொத்தான்கூட நான் குடுக்க முடியாது."

"சரி. என்னென்ன வேணும்?"

"பின்வாசல் வேணும். நிலவறையில ஆள் உக்காரக் கூடாது. எல்லாரையும் காப்பீட்டுல பதியணும். சட்டக்கூலி."

"செய்யலாம். சட்டைக்கு இப்ப பதினாலு திர்ஹம் குடுக்கறீங்க. எவ்வளவு ஏத்துவீங்க?"

"அதச் சொல்லத்தான் கூப்டேன். பதிமூணரை."

மஃபத்தல் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். விதி கடல் தாண்டி வந்துவிட்டது, அதற்கான காசு மட்டும் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது.

நான்கு நாளில் ஒரு காகிதம் வந்தது. குறை எதுவானாலும் திருத்திக்கொள்ளத் தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. மூன்றே மூன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது, அன்றைக்கே கதவு சாத்தப்படும்: குழந்தைத் தொழிலாளி, பூட்டிய வெளிவாசல், ஆய்வாளருக்குப் பணம். மூன்றாவதையும் அவர் படித்தார். எல்லாக் கடையிலும் 'கடன் கிடையாது' என்று பலகை தொங்குகிறதல்லவா, அதைப் போல ஒன்று என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தொந்தரவு என்னவென்றால், வருகிற நாளைச் சொல்ல மாட்டார்களாம். மூன்று வாரத்துக்குள் எந்த நாளும் வரலாம். இதை ரஹீமுவிடம் சொன்னார். ரஹீமு பட்டறையின் மேற்பார்வைக்காரி. கன்னிப்பெண்ணாக நிலவறையில் வந்து உட்கார்ந்தவள், இப்போது மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டாள்.

"அப்ப மூணு வாரமும் எங்களக் குளிக்க அனுப்புவீங்களா? தோலு உரிஞ்சு போயிரும், ஸி மஃபத்தல். பேசாம எல்லாத்தையும் நெஜமாவே செஞ்சிருங்க. செலவு கம்மி."

அவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். கழித்துப் பார்த்தார். வியாபாரத்தில் இவ்வளவு காலம் இருந்தவருக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. மூன்று வாரம் தையல் நின்றால் வரும் நட்டத்தையும் மூன்று வருட ஆர்டரையும் சேர்த்துப் பார்த்தால் ரஹீமு சொன்னது சரி. பொய்யைக் காட்டிலும் உண்மை மலிவாக இருந்தது.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் அல்லாலின் ஆலிவ் ஊறுகாய்க் கிடங்கு. வாசல் வைத்தால் அவர் முற்றத்தில்தான் வைக்க வேண்டும்.

"செவுரு என்னோடது, முத்தம் என்னோடது," என்றார் அல்லால். "உங்க பொண்ணுங்க நெருப்புன்னு ஓடியாந்தா என் பீப்பாயெல்லாம் உருண்டுரும். மாசம் ஆயிரம்."

"நெருப்பு புடிச்சா உங்க ஆலிவும்தான் வேகும். மொதல்ல ஓடியாந்து உங்கள எழுப்பறதே எங்க பொண்ணுங்கதான். அந்தக் காவலுக்கு நீங்கதான் எனக்குக் குடுக்கணும்."

"எண்ணூறு."

"ஐநூறு. அதுவும் உங்க மொகத்துக்காக."

"என் மொகத்துக்கு ஐநூறா? என் பொண்டாட்டி கேட்டா சிரிப்பா."

அறுநூறில் முடிந்தது. சுவரை உடைத்த அன்று பட்டறைக்குள் பகல் நுழைந்தது. கூடவே உப்புநீரும் எலுமிச்சையும் கலந்த வாசனை. மெஷினை நிறுத்திவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கதவின் இரும்புப் பட்டையைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தள்ளினால் திறந்தது. அதில் என்ன இருக்கிறது என்று மஃபத்தலுக்கு விளங்கவில்லை. ஆனாலும் யாரும் பார்க்காத நேரத்தில் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

காப்பீட்டு அட்டைகள் வந்தன. ரஹீமு தன் அட்டையைக் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு பெயரைப் படித்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசித்துளை எங்கே என்று விரலால்தான் தேடுவாள். இன்னும் இரண்டு மாதச் சம்பளப் பதிவு ஓடினால் அறுவைச் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும். பெருநாள் கழிந்த வாரம் ஆஸ்பத்திரியில் நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

"இந்தப் பட்டறை பாஸாகணும்," என்றாள் அவரிடம். "உங்களுக்காக இல்ல. என் ரெண்டு கண்ணுக்காக."

"ஆகும்."

"ஆகும்தான். நீங்க நடுவுல பூந்து எதுவும் பண்ணாம இருந்தாச் சரி."

ஆய்வாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தாள். லுப்னா என்று பெயர். சின்ன வயது, தடித்த காலணி, முதுகில் பை. மஃபத்தல் புதினாத் தேநீரை உயரத் தூக்கி ஊற்றினார். அவள் வேண்டாம் என்றாள். தண்ணீர் பாட்டிலைக்கூட வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அவர் தேநீரைக் குடிக்காமல் இதுவரை யாரும் அவரோடு ஒரு காரியம் முடித்ததில்லை.

அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். உருளைகளைத் தூக்கி எடை பார்த்தாள். அவை மஃபத்தலின் சொந்த உருளைகள், ரசீதோடு வாங்கியவை. நிலவறைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். தைக்கிறவர்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டதால் அங்கே துணிச் சுருள்கள் மட்டும் இருந்தன. பின்கதவைத் தள்ளி அல்லாலின் முற்றத்துக்குப் போனாள், திரும்பி வந்து மறுபடி தள்ளினாள். பிறகு பெண்களை ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டுப் பேசினாள்.

காஜா எடுக்கும் பத்தூல் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னடி கேட்டாங்க?" என்றாள் ரஹீமு.

"எத்தன மணி நேரம் வேலன்னு கேட்டாங்க. நான் பாட்டுக்கு 'எங்கள் பட்டறையில் கூடுதல் நேர வேலை கிடையாது, முதலாளி எங்களுக்குத் தகப்பன் போன்றவர்'னு ஒப்பிச்சுட்டேன். இத யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டாங்க. போன வருசம் சொல்லிக்குடுத்ததுங்க, இந்த வருசம் யாரும் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல, அதான் பழசையே சொல்லிட்டேன்னேன்."

பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "அவங்களும் சிரிச்சாங்கக்கா," என்றாள் பத்தூல். "சிரிச்சுக்கிட்டே எழுதினாங்க."

மஃபத்தலின் காதில் 'எழுதினாங்க' மட்டும்தான் விழுந்தது.

பிற்பகலில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "எப்படி மகளே, எல்லாம் திருப்தியா?"

"அறிக்கையில வரும், ஸி மஃபத்தல்."

ஒரு சிரிப்பு இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. ஜவுளிக்கடையில் துணியைத் தடவி, சாயம் போகுமா, நெசவு ஏன் இப்படி என்று குறை சொல்கிறவர் வாங்கிப் போவார். வாயே திறக்காமல் தடவுகிறவர் ஒன்று வாங்க மாட்டார், இல்லை, வேறு எதற்காகவோ காத்திருக்கிறார். அப்பாவிடம் கற்றது அது. இவள் எதற்காகக் காத்திருக்கிறாள்?

அலுவலக மேசையின் இழுப்பறையை மெல்லத் திறந்தார்.

"கைய எடுங்க," என்றாள் வாசலில் நின்ற ரஹீமு.

"எதுலேர்ந்து?"

"அந்த இழுப்பறையிலேர்ந்து. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது மங்கலில்ல. அது தெறக்கற சத்தம் எத்தன வருசமாக் கேக்கறேன். இன்னைக்கு அதுக்கு வேலை இல்ல, ஸி மஃபத்தல். எல்லாம் நெஜம். சும்மா இருங்க."

"சும்மாத்தான் இருக்கேன்."

"என் கண்ணு மேல சொல்லுங்க."

"உன் கண்ணு மேல."

அவள் நம்பிக்கொண்டு போனாள்.

மாலையில் லுப்னா பையை மூடியபோது ரஹீமு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே பாதாம் பூரணம் வைத்து மான்கொம்பு போல வளைத்த பலகாரம். "இது மொதலாளி வீட்டுதில்ல, மகளே. நாங்க முப்பத்தெட்டுப் பேரும் சேந்து செஞ்சது. அந்தப் பின்வாசல் வந்ததுக்கு. நீங்க வரலேன்னா அது வந்திருக்காது."

லுப்னா தயங்கினாள். பிறகு ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றாள். அன்று முழுக்க மஃபத்தல் அவள் முகத்தில் பார்க்காத ஒரு சிரிப்பு அப்போது இருந்தது. "டிரைவர் காலையிலேர்ந்து பட்டினி. அவருக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றாள். கதவைக் கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனாள். ரஹீமுவும் கூடப் போனாள்.

"பெட்டிய நான் கட்டி வைக்கறேன்," என்றார் மஃபத்தல்.

அவர் கை தானாகவே போயிற்று என்று சொன்னால் அது பொய். அவர் யோசித்தார். கதவு உண்மை, கூலி உண்மை, அட்டை உண்மை. ஆனால் அவர் ஆயுளில் உண்மையை எங்கேயும் தனியாக அனுப்பியதில்லை. வழித்துணைக்கு யாரையாவது கூட அனுப்பித்தான் பழக்கம். முப்பத்தெட்டுப் பெண்களின் பிழைப்பு, ரஹீமுவின் இரண்டு கண், இதையெல்லாம் துணையில்லாமல் ஒரு காகிதத்தில் எப்படி ஏற்றி அனுப்புவது? பலகாரத்துக்கு அடியில் இருந்த தாளைத் தூக்கி, இழுப்பறையிலிருந்த இரண்டாயிரம் திர்ஹம் கவரை வைத்தார். நாடாவைக் கட்டினார்.

கார் தெருமுனை தாண்டியிருக்காது. மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. லுப்னா படியேறி வந்தாள். கையில் கவர். வெட்டுமேசையின் மேல் அதை வைத்தாள். ஒவ்வொரு மெஷினாக நின்றது.

மஃபத்தலுக்கு அப்போது உண்டானது நிம்மதி. சத்தியமாக நிம்மதிதான். திரும்பி வந்துவிட்டாள்! கடையை விட்டு இறங்கிய வாடிக்கையாளர் பத்தடி போய்த் திரும்பி வருவதை அவர் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். தொகை போதவில்லை, அவ்வளவுதான். காலையிலிருந்து பாஷை தெரியாத ஊரில் தவித்தவருக்கு யாரோ தாய்மொழியில் பேசியது போல இருந்தது.

"மூணு," என்றார் அன்பாக.

லுப்னா கவரை அவர் பக்கம் தள்ளினாள்.

"மூவாயிரம், மகளே. அதுக்கு மேல என் கையில இல்ல."

லுப்னா அருகில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு சின்னக் குறை எழுதியிருந்தேன்," என்றாள். "தண்ணி குடிக்க எல்லாருக்கும் ஒரே டம்ளர். ரெண்டு விளக்கு எரியல. கத்தரிக்குக் கையுறை இல்ல. இந்தப் பொண்ணு ஒப்பிச்சது. தொண்ணூறு நாள் குடுத்து, கீழ 'அங்கீகரிக்கலாம்'னு எழுதிட்டுத்தான் படியெறங்குனேன்."

"அந்தக் கவர வச்சது நான்," என்றாள் ரஹீமு. குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்க சம்பளச் சீட்ட இப்பத்தானே பாத்தேன், அம்மா. இவ்வளவு பணம் உங்க கையில ஏது?"

"கதவு நெஜம்," என்றார் மஃபத்தல். அவருக்கே கேட்காத குரல். "வேணா இன்னொரு தடவ தள்ளிப் பாருங்க."

"எத்தன தடவ தள்ளிப் பாத்தேன். கதவு நெஜந்தான்."

"எழுதாம விட முடியாதா, மகளே?" என்றாள் ரஹீமு.

"பெட்டியத் தெறந்தது டிரைவர். அவரும் பாத்துட்டார். அவர் பாக்கலேன்னாலும்..." லுப்னா எழுந்தாள். "இத நான் எழுதலேன்னா, அந்தக் கதவப் பத்தி எழுதினத யாரு நம்புவா? நான் அந்தப் பலகாரத்தத் தின்னிருக்கவே கூடாது."

அவள் போன பிறகு பெண்கள் பாதியில் நின்ற சட்டைகளை மடித்து வைத்தார்கள். ரஹீமு அவர் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் ஆலை மேலாளர் கூப்பிட்டார். "நிலவறையில ஆடு வளத்திருந்தீங்கன்னாகூடத் தொண்ணூறு நாள் வாங்கிக் குடுத்திருப்பேன், ஸி மஃபத்தல். இப்படிப் பண்ணிட்டீங்களே."

சட்டைகள் நிற்கவில்லை. சட்டைகள் எப்போதும் நிற்பதில்லை. பட்டியலில் இருந்த வேறொரு பெரிய பட்டறைக்குப் போயின. அங்கே இடம் போதாமல், சாயங்காலம் ஒரு வேன் சத்தமில்லாமல் இரண்டு தெரு தள்ளி ஒரு கார் கொட்டகைக்கு மூட்டைகளை இறக்கிற்று. ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டு உள்ளே தைப்பார்கள். பின்வாசலும் இல்லை, அட்டையும் இல்லை. பத்தூல் முதலில் போனாள், பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். அதே சட்டை, அதே காலர், அதே லேபிள் என்று வந்து சொன்னாள் பத்தூல். குளியல்கூட டிக்கெட்கூடக் கிடையாதாம், ஏனென்றால் அங்கே ஆய்வுக்கு யாரும் வருவதே இல்லை.

பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்னும் போகாத பெண்களோடு மஃபத்தல் சில வாரம் ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. பட்டறையை மூடினார். பதிவு நின்றது. பெருநாள் கழிந்த வாரம் ஆஸ்பத்திரியில் ரஹீமுவின் பெயருக்கு நேரே வேறு யாருடைய பெயரையோ எழுதிக்கொண்டார்கள்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அந்தக் கொட்டகைக்குப் போனார். ரஹீமு வாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். ஊசி வேலை இல்லையாம் அவளுக்கு, பிசிறு வெட்டுகிற வேலைதான். நூலை விரலால் தடவித் தடவி வெட்டுவாள். இடது கை விரல்களில் கத்தரி பட்ட கீறல்கள் இருந்தன. அவர் கவரை நீட்டினார்.

"அதே கவரா?"

"அதேதான்."

"ரெண்டா, மூணா?"

"மூணு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "ஒரு கண்ணுக்கு ஏழாயிரம் ஆகுமாம்," என்றாள். "உங்க கவரு ஒரு பெரிய மனுசிக்குப் பத்தல, எனக்கு எப்படிப் பத்தும்? வச்சுக்கங்க."

"மெஷின விக்கறேன், ரஹீமு."

"வித்து?"

"உன் கண்ணு மேல சொன்னேனே."

அவள் ரொட்டியின் கடைசித் துண்டால் தட்டைத் துடைத்தாள். "அந்தச் சத்தியத்துக்கும் ஒரு வெல உண்டுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்," என்றாள்.

தெருவில் அந்த மாதம் மூடிய பட்டறை அவருடையது மட்டுமல்ல. மெஷின் மலிந்து கிடந்தது. வாங்க வந்தவன் ஒவ்வொன்றையும் தொட்டு, இது பழசு, இது துரு என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக மஃபத்தல் பேரம் பேசாமல் தலையாட்டினார். அவன்தான் பயந்துபோய், களவு மெஷினா என்று கேட்டான்.

வலது கண்ணுக்கு அறுவை முடிந்து கட்டைப் பிரித்த அன்று அவளைக் கூட்டிவர டாக்சியோடு போனார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்படித் தெரியுது?"

"சட்டையில ரெண்டாவது பொத்தான் வேற நெறத்துல இருக்கு. இத்தன வருசம் இதப் போட்டுக்கிட்டா எங்க முன்னால திரிஞ்சீங்க?"

வண்டியில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கொட்டகை வாசலில் இறங்கினாள். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

அல்லால் கேட்டுவிட்டார், யாரும் வராத வாசலுக்கு எதற்கு வாடகை, சுவரை மூடிவிடலாமே என்று. மூட வேண்டாம் என்று சொல்லி இரண்டு மாதக் காசை முன்கூட்டியே கொடுத்துவிட்டார் மஃபத்தல். பிறகு வெறும் பட்டறைக்குள் வெட்டுமேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பா கற்றுக்கொடுத்தபடி வாய்க்குள்ளேயே கணக்கைக் கூட்டினார். மெஷின் விற்ற வகையில் வரவு முப்பத்தோராயிரம். கவரில் இருந்தது மூவாயிரம். பெண்களுக்குக் கடைசிச் சம்பளம் இருபத்தைந்தாயிரத்து நானூறு. வலது கண் ஏழாயிரம். அல்லாலுக்கு ஆயிரத்து இருநூறு. டாக்சிக்கும் சொட்டு மருந்துக்கும் நானூறு. வரவும் செலவும் முப்பத்து நாலாயிரத்தில் சரியாக வந்து நின்றன, கையில் மிச்சம் ஏதும் இல்லை. பாக்கி, ரஹீமுவின் இடது கண்.